எனாமல் தட்டில் ஒரு வெட்டு

எங்கள் வீட்டில் ஒரு எனாமல் தட்டு இருக்கிறது. வெள்ளைத் தட்டு, நீலக் கரை. கைக்குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கலாம், அவ்வளவு அகலம். என்னையே அதில் கிடத்தித் தேய்த்ததாக அம்மா சொல்வாள், நான் நம்பியதில்லை. நடுவிலிருந்து நான்கு விரல் தள்ளி அதில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. என் சுண்டுவிரல் நீளம். லேசாக வளைந்து, எனாமல் பெயர்ந்து, உள்ளே இரும்பு துருவேறிக் கறுத்துக் கிடக்கிறது. தட்டைக் கழுவும்போதெல்லாம் என் விரல் அங்கே போய் நின்றுவிடும், பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. இருபத்தேழு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தத் தட்டை மேஜை நடுவில் வைத்து, அந்த வெட்டின் மேல் சரியாகப் பூசணிக்காயை உட்கார வைத்து மறைக்கிறவள் நான். பூசணி அங்கே உட்கார்ந்தால்தான் அழகு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அழகுக்காக இல்லை.

பர்மாவில், எங்களுடைய இந்த ஊரில், இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. மழை பெய்யும், பிறகு ஒருநாள் பெய்யாது. வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல ஆகிவிடும், ரயில் பாதையோரப் புல்லில் தும்பிகள் வரும், தெருவில் தடின்ஜுட் என்கிற பௌத்த விளக்குத் திருநாளுக்குக் கம்பி இழுப்பார்கள், சந்தையில் பம்பளிமாஸ் குவியும். அவ்வளவுதான் எங்களுக்கு. அந்த வாரங்களில்தான் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் நாங்கள் சொல்வோம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேச்சு அப்படியே எங்களோடு தங்கிவிட்டது. ஐயர் வீட்டுக் கூடத்தில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மாள் மாட்டிவிட்டுப் போன படம் ஒன்று உண்டு: ஒரு நீள மேஜை, நடுவில் மஞ்சள் பூசணி, திராட்சைக் குலை, கோதுமைக் கதிர், சுற்றிலும் சிவந்த இலைகள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் சபைப் பெண்கள் தங்கள் வீட்டு மேஜைகளையும் அப்படியே வைக்கப் பழகியிருந்தார்கள். திராட்சைக்குப் பதில் எலுமிச்சை, கோதுமைக்குப் பதில் நெற்கதிர். சிவந்த இலைக்கு அம்மா எங்கள் சந்து முனை வாதாமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மாதத்தில் இரண்டோ மூன்றோதான் சிவந்திருக்கும். அவை விழும்வரை காத்திருப்பாள். பறிக்க மாட்டாள். தானாக விழுந்ததுதான் படத்தில் இருக்கிறது என்பாள்.

அந்த மேஜைக்கு அம்மாவிடம் இரண்டே விதிகள்தான். நடுவில் கனமானது ஒன்று இருக்க வேண்டும், பூசணியோ பம்பளிமாஸோ. எதிரே உட்காருகிறவர் முகத்தை அது மறைக்கக் கூடாது. உட்கார்ந்து பார்த்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, மறைத்தால் ஒரு பழத்தை எடுத்துவிடுவாள். இன்னொரு விதியும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு தேங்காயும் வாழைப்பழமும் ஒரே தட்டில் சேர்ந்து உட்காருவது எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. குழம்பில் தேங்காய் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வாழைப்பழம் உண்டு. ஒரே தட்டில் மட்டும் கூடாது. சந்தையிலிருந்து வரும்போதுகூட அம்மா இரண்டையும் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு வருவாள்.

அம்மா இறந்துபோன பிறகு இரண்டு வருஷம் மேஜை என் கையில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. போட்டாதாங்கில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன், கல்யாணம் என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன், மத்தியான வெயிலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று துடிப்பேன், சாயந்தரம் பஸ் பிடித்து ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. அம்மாவின் தட்டு என் அலமாரியில் இருந்தது. எங்கேயும் போகாதவளுக்கு அதுவே ஒரு ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்குள் மதினி வந்தாள். அண்ணன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவில் வந்தவன் தாகேதாவில் ஒரு தையல் கடையில் அவளைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டான். பர்மாக்காரி, புத்த மதம், அப்பா இல்லை, அம்மா பாலத்தடியில் காய்கறி விற்கிறவள். அவள் மூன்று மாதம் ஐயரிடம் பாடம் படித்து ஞானஸ்நானம் வாங்கினாள், எங்கள் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது, அப்பாவும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நாற்பது நாள் கழித்து அண்ணன் மறுபடி கப்பலேறிவிட்டான். வீட்டில் நாங்கள் மூன்று பேர். என்னைவிட இரண்டு வயசு மூத்தவள், என் உயரம்கூட இல்லை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்படிக்குள் நிற்பாள். அப்பா அவளைத் திட்டியதில்லை, முகம் சுளித்ததில்லை. பேசியதுமில்லை.

அதாவது நேராகப் பேசியதில்லை. அப்பா ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குச் செய்தி போகிற மாதிரி, மதினி மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாலும் என்னிடம்தான் சொல்வார்: ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அங்கே சொல்லு. அவளும் பதிலை என்னிடம்தான் கொடுப்பாள். நான்தான் கம்பி. கம்பி நாணயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. உப்பு ஒரு கல் கூடியிருக்கிறது என்று அப்பா சொன்னால், கரிக்கிறதாம் என்று நான் பர்மிய மொழியில் சொல்வேன். மாமாவுக்குப் பிடித்த மீன் எது என்று அவள் கேட்டால், அதை நான் அப்பாவிடம் கொண்டு போகவே மாட்டேன். அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை. பிறந்த வீட்டில் வைத்த பெயரையும் சொன்னதில்லை, ஐயர் வைத்த பெயரையும் சொன்னதில்லை. ஒரு நாள் துணி எடுக்கப் போனபோது அவள் கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் பையைப் பார்த்தேன். ஜிப் மூடியிருந்தது. அழுத்திப் பார்த்தேன். லுங்கி, ரவிக்கை, ஏதோ கடினமாக ஒரு டப்பா. வந்த நாளில் பிரிக்காத பையா, போகிற நாளுக்குக் கட்டிய பையா என்று தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேனா? நினைத்தேன். இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். அறுப்பின் பண்டிகை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். எந்த வீட்டில் புது மருமகள் வந்திருக்கிறாளோ அந்த வீட்டுக்கு. மேஜையை அவள்தான் வைக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வருஷம் எங்கள் வீடு என்று ஐயரம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பா கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். நான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மதினி என்னிடம் வந்தாள். நான் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். மேஜை நடுவில் என்ன வைக்கணும் என்று பர்மிய மொழியில் கேட்டாள். ஐயர் வீட்டுப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் அதில் இருப்பதில் பாதி சந்தையில் இல்லையே என்றாள். பூசணி, பம்பளிமாஸ், நெற்கதிர், வாதாம் இலை என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மாவின் இரண்டு விதிகளையும் சொல்லியிருக்கலாம். மூன்றாவதையும். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே நானும் பர்மிய மொழியிலேயே சொன்னேன்:

“உங்க வீட்ல எப்படி வைப்பாங்களோ அப்படி வைங்க, மதினி.”

கண்ணாடிக்குள் அவள் முகம் மாறியது. என்னவோ கேட்க வந்தவள் கேட்காமல் நின்றாள். பிறகு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அலமாரியைத் திறந்து தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதையாவது கொடுத்தேன் என்று பின்னால் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வரவில்லை, சமையல் இருந்தது. ஆராதனை முடிந்து அப்பா, நான், ஐயர், ஐயரம்மா நான்கு பேரும் வெயிலில் நடந்து வந்தோம். ஐயர் இளம் வயசு, எங்கள் ஆள்தான், ஆனால் தமிழில் பிரசங்கத்தை எழுதி வைத்துப் படிப்பார், மற்றபடி பர்மியப் பேச்சு. வாசல்படி ஏறும்போது அப்பா ஏதோ ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் காலை வைத்தவர் கதையைப் பாதியில் விட்டார்.

மேஜையில் வெள்ளை விரிப்பு. நடுவில் அம்மாவின் தட்டு. தட்டில் ஒரு பச்சைத் தேங்காய், அடி மட்டையைச் செதுக்கித் தட்டையாக்கி, நேராக நிமிர்ந்து, காம்பு மேலே கிரீடம் போல நிற்க. அதைச் சுற்றி மூன்று சீப்பு வாழைப்பழம், விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து, அணைத்துப் பிடித்த கைகள் மாதிரி. காம்போரத்தில் தபியே என்கிற நாவல் வகை இலைக் கொத்து, தளிர் சிவப்பாக. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கடோபுவே, கும்பிட்டு வைக்கிற படையல். பகோடாவில் வைப்பார்கள், ஆலமரத்தடியில் தேவதைகளுக்கு வைப்பார்கள், வீடு கட்டினால் வைப்பார்கள், வண்டி வாங்கினால் வைப்பார்கள். எங்கள் தாத்தா விட்டுவிட்டு வந்ததும் இதேதான், ஊரும் தெய்வமும் மட்டும் வேறே. இரண்டு தலைமுறை இரண்டு பையில் சுமந்துவந்த தேங்காயும் பழமும் ஒரே தட்டில், அதுவும் அம்மாவின் தட்டில், ஐயர் சாப்பிட உட்காரும் மேஜையில்.

அது அழகாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவுடையதைவிட, என்னுடையதைவிட.

ஐயரம்மா முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். ஐயர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதினி அடுப்படி வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கடைசியில் என் முகத்துக்கு வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஊரைச் சுற்றி ஓடும் சர்க்கிள் ரயில் ஒன்று கடகடவென்று போனது, அது போய் முடிகிறவரை யாரும் அசையவில்லை. திறந்த கதவு வழியே அவள் அறையின் கட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதற்கடியில் அந்தப் பையின் கோடும். தாகேதாவுக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, இரண்டு மணிக்கு ஒரு பஸ், மூன்று மணிக்கு ஒன்று. அப்பா ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், என் பக்கம் திரும்பி, இதை எடுக்கச் சொல்லி அங்கே சொல்லு என்றால் போதும்.

அவள்தான் முதலில் அசைந்தாள். மேஜையைச் சுற்றி வந்து, அப்பாவுக்கு இரண்டடி முன்னால், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மழைக்காலம் முடிந்தால் இங்கே பிள்ளைகள் தாய் தகப்பனைக் கும்பிட முன்னால் உட்காருவார்களே, அப்படி. தட்டை நோக்கிக் கையைக் காட்டி, அதுவரை அப்பாவிடம் பேசியிராத அந்தச் சின்னக் குரலில், தமிழில் சொன்னாள்:

“மாமாவுக்கு.”

அவ்வளவுதான் அவளுக்கு அப்போது தெரிந்த தமிழ். தேவதைக்கு இல்லை. பகோடாவுக்கு இல்லை. அவர்கள் பக்கத்தில் பாடம் சொன்ன வாத்தியாருக்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும்கூட இதைத்தான் வைத்துக் கும்பிடுவார்கள் என்று அவள் பிற்பாடு எனக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பெரியவருக்கு மரியாதை. நான் ‘உங்க வீட்ல மாதிரி’ என்று சொன்னதும் அவள் மனசு நேரே அங்கேதான் போயிருக்கிறது.

அப்பா அவள் தலையைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். வேதப்புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஒரு ரயிலை எந்தத் தண்டவாளத்தில் விடுவது என்று யோசிக்கிறவர் முகம். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஐயரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

“ஐயர் வெயில்ல நடந்து வந்திருக்காரு, தாகமா இருக்கும். தேங்காய வெட்டிக் கொண்டாம்மா.”

கொண்டாம்மா. அந்த ‘அம்மா’வை அவர் என்னிடம்கூடக் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் சொல்வார். மதினிக்கு அந்தச் சொல் புரிந்ததா என்று தெரியவில்லை, தேங்காயைக் காட்டிய கை புரிந்தது. யாரிடம் சொன்னார் என்பதும் புரிந்தது. என்னைப் பார்க்காமல், கம்பியை எதிர்பார்க்காமல், எழுந்து போய் வெட்டரிவாளை எடுத்து வந்தாள். உள்ளே கொண்டு போக வேண்டாம், இங்கேயே வெட்டு என்று அப்பா கையால் காட்டினார். அவள் பழச்சீப்புகளை மட்டும் விரிப்பில் எடுத்து வைத்துவிட்டு, தட்டில் நின்ற தேங்காயின் தலையைக் குறிபார்த்து ஓங்கினாள். முதல் வெட்டு மட்டையில் வழுக்கித் தட்டில் இறங்கியது. டணார் என்று ஒரு சத்தம். எனாமல் சில்லு தெறித்து ஐயரின் தம்ளரில் பட்டது. அவள் அரிவாளைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா இருந்த காலத்தில் அந்தத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்க்க அப்பா விட்டதில்லை, கீறல் விழுமாம். துணியால்தான் துடைக்க வேண்டும்.

“தட்டுதானே,” என்றார் அப்பா. “இன்னொரு தரம் போடு.”

இரண்டாவது வெட்டு சரியாக விழுந்தது. ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மூன்றாவது தம்ளர் அப்பாவுக்கு. கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை என் முன்னால் வைத்தாள். ஐயர் பர்மிய மொழியில், இந்த வருஷ அறுப்பில் இதுதான் இனிப்பு என்றார், சிரித்தார், ஐயரம்மா முந்தானையை இறக்கினாள். பழங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டோம். மேஜை நடுவில் வெட்டு விழுந்த தட்டு வெறுமையாகக் கிடந்தது, எதிரே இருந்தவர் முகம் எதனாலும் மறையவில்லை. அந்தத் தேங்காய்த் தண்ணீர் என் தொண்டையில் இறங்கிய விதம் எனக்கு மறக்கவில்லை. நல்ல இனிப்பு.

ஐயர் போன பிறகு, நாலு மணி வெயிலில் அப்பா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீ கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். உள்ளே மதினி பாத்திரம் தேய்க்கிற சத்தம். அப்பா என்னைப் பார்க்காமல், எதிர்வீட்டில் விளக்குக்குக் கம்பி கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதன் பிறகு வாழ்ந்த பதினோரு வருஷத்திலும் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு கம்பி அறுந்துபோயிற்று. அடுத்த நாள் காலையில், ரசம் வேண்டும் என்பதை அவர் ரசம் வைத்தவளிடமே கேட்டார். மதினியின் தமிழ் அப்பாவிடம் பேசிப் பேசி வந்த தமிழ். அதனால்தான் இன்றைக்கும் அவள் ‘இரயில் தாமதம்’ என்பாள், எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த வாரக் கடைசியில் அடுப்படியில் வெங்காயம் ஒரு கோடு போட்ட பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். அவள் எடுத்துக்கொண்டாளா என்றால் அதுவுமில்லை, இன்னும் அந்த ஆணியில்தான் கிடக்கிறது.

மதினிக்கு ஒரு கதை உண்டு. யார் வந்தாலும் சொல்வாள். புதுசாக வந்து பயந்து கிடந்தேன், இந்த வீட்டில் ஒருத்திதான் எனக்கு வழி காட்டினாள், உங்க வீட்டு மாதிரியே வையுங்கள் என்றாள், எனக்கும் ஒரு வீடு இருந்தது என்று அவளுக்குத்தான் தோன்றியது. இதைச் சொல்லி என் தோளைத் தட்டுவாள். அண்ணன் லீவில் வந்தபோது சொன்னாள். அவள் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொன்னாள். அப்பாவின் அடக்கத்தன்று வந்தவர்களிடம் சொன்னாள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இவளுக்குக் கூச்சம் என்பாள். அம்மாவின் மேஜையை மறுபடி நானே வைக்க ஆரம்பித்தேன், அவளே கேட்டுக்கொண்டாள், உனக்குத்தான் வரும் என்று. வருஷா வருஷம் பூசணியை அந்த வெட்டின் மேல் தூக்கி வைத்தேன். நான் ஊர் ஊராகப் போனேன், வேலை மாறினேன், மாண்டலேயில் நான்கு வருஷம், கடல் தாண்டி ஆறு வருஷம். எங்கிருந்தாலும் மழை ஓய்கிற மாதத்தில் பை கட்டிக்கொண்டு இந்த மேஜைக்கு வந்துவிடுவேன். ஒரு பூசணியை அதன் இடத்தில் வைப்பதற்கு.

இந்த வருஷம் மதினியின் மகனுக்குக் கல்யாணம். பெண் மேற்கே சின் மலைப்பக்கம், இங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், தமிழ் ஒரு சொல் தெரியாது. அண்ணன் கப்பலை விட்டு நிலத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆயிற்று, மீசை நரைத்துக் கையில் டிவி ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறான், கரண்ட் இல்லாதபோதும் ரிமோட்டை விட மாட்டான். புது மருமகள் வந்த வருஷம். ஐயர் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், அந்த ஐயர் இல்லை, வேறொருவர். சனிக்கிழமை காலை நான் அடுப்படியில் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் தட்டு. மேஜை நடுவில் என்ன வைக்கணும் ஆன்ட்டி என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

விசிறியை நிறுத்திவிட்டேன். என் முன்னால் கண்ணாடி இல்லை, கரி புகைதான் இருந்தது. பூசணி, பம்பளிமாஸ், நெற்கதிர் என்று ஒவ்வொன்றாக நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டியலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எழுந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, சொன்னேன். உங்க வீட்ல எப்படி வைப்பாங்களோ அப்படி வைம்மா. அதே வார்த்தைகள். ஒன்றைக்கூட மாற்றவில்லை, மாற்ற வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூட்டை வந்திருந்தது. மக்காச்சோளக் கதிர்களை எடுத்து, தோகையை உரித்துப் பின்னுக்கு மடித்து, இரண்டிரண்டாகக் கட்டினாள். மஞ்சள் முத்து, கருநீல முத்து, இரண்டும் கலந்த முத்து. நடுவே காய்ந்த மிளகாய்ச் சரத்தைச் சுருட்டி வைத்தாள். நான் சந்து முனைக்குப் போய் வாதாமரத்தடியில் நின்றேன். ஒரே ஒரு இலை கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்ததும் வாங்கி ஓரத்தில் செருகினாள். பூசணி வைக்க இடமில்லை. கதிர்கள் வட்டமாகப் படுத்திருக்க, மிளகாய்க்குப் பக்கத்தில் அந்த வெட்டு பளிச்சென்று தெரிந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

இது எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

மதினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலி, நின்று கதை சொல்ல முடியாது இப்போது. பர்மிய மொழியில் ஆரம்பித்துவிட்டாள்: புதுசாக வந்து பயந்து கிடந்தேன், ஒருத்திதான் எனக்கு… நான் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை. கதை என் தோளுக்கு வந்ததும், தட்டுவதற்குக் கையைத் தூக்கியதும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மதினி, நான் அத நல்ல மனசோட சொல்லல.”

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். பெண் தமிழ் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மதினி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக்குள் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். இந்த முகத்தை நான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தெரியும்,” என்றாள். “தலை வாரிக்கிட்டே சொன்ன. கண்ணாடியில தெரிஞ்சுது.”

பிறகு, அப்பாவிடம் படித்த அந்தத் திருத்தமான தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“மனசு எப்படியோ. வார்த்தை நல்ல வார்த்தை. நான் அதை எடுத்துக்கொண்டேன்.”

என் கையை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தைச் சாய்த்து, எதிரே நின்ற மருமகளின் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். அம்மா பார்க்கிற மாதிரி. மதினி என் அம்மாவைப் பார்த்ததேயில்லை. தெரிகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள். நான் வழக்கம்போல வாங்கி வைத்திருந்த பூசணி அடுப்படி மூலையில் கிடந்தது. அன்றைக்குச் சாம்பார் வைத்தோம்.